திரிதலும் கெடுதலும்

பாலாடைக்கட்டி என்ற சொல்லோடு நமக்குத் தீராத பகை உண்டு. ‘சீஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் அகராதிகளும் பாடநூல்களும் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சொல்லையே நீட்டுகின்றன. பாலாடை என்பது காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஏடு. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணியையும் பாலாடை என்போம். எந்தப் பொருளில் பார்த்தாலும் அதற்கும் சீஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏட்டைச் சேர்த்துக் கடைந்தால் வெண்ணெய் வரும். சீஸ் ஏட்டிலிருந்து பிறப்பதன்று. பால் முழுவதும் திரிந்து, நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்தபின், அந்தக் கட்டியை உப்பிட்டு அழுத்திச் சேர்ப்பதால் பிறப்பது. ‘பாற்கட்டி’ என்று நான்கு எழுத்தோடு ஓரெழுத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் பொருளும் சரியாக இருக்கும், வாய்க்கும் எளிதாக இருக்கும். இங்கே நாம் அப்படித்தான் சொல்லப்போகிறோம்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டா என்று கேட்கலாம். தமிழ் கற்பித்துச் சோறு தின்பவர்கள் சொல்லுக்காக மல்லுக்கட்டாமல் வேறு எதற்காகக் கட்டுவது? அதுவும் போக, இந்தத் தவறான பெயருக்குள் நம் சமையலறையின் பழைய அச்சம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது நம் எண்ணம். பால் திரிவதை ஒத்துக்கொள்ள நமக்கு மனம் வராது. எனவே திரிதல் என்ற செய்தியையே மறைத்து, ஆடை, ஏடு என்று மங்கலமாக ஒரு பெயரைச் சூட்டிவிட்டோம்.

புணர்ச்சியில் வரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பதை முதலாண்டு மாணவர்களும் அறிவர். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. அதாவது இல்லாமற் போகிறது. பாலும் கட்டியும் சேர்ந்து பாற்கட்டி ஆகும்போது லகரம் றகரமாகத் திரிகிறது. போய்விடவில்லை, வேறொன்றாக மாறி அங்கேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பி எழுதும் விடைத்தாளுக்கு மதிப்பெண் குறைக்கிறோம். ஆனால் அடுப்படியில் மட்டும் இந்த இலக்கணம் செல்லாது. ‘பால் திரிந்துவிட்டது’ என்றாலும் ‘பால் கெட்டுவிட்டது’ என்றாலும் ஒரே சலிப்பு, ஒரே அபசகுனம். இலக்கணம் பிரித்துவைத்த இரண்டை நாக்கு ஒன்றாக்கிவிட்டது.

இந்த அச்சம் நேற்று வந்ததன்று. பண்பில்லாதவன் கையில் சேர்ந்த பெருஞ்செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவர், ஏனத்தின் குற்றத்தால் திரிந்துபோன நல்ல பாலைக் கண்டெடுத்தார் (1000-ஆவது குறள், அவ்வளவு முக்கியமான எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறது). சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மதுரைக்கு வரவிருக்கும் கேட்டை முதலில் அறிவிப்பவை குடத்திலிட்ட பால் உறையாமையும் உறியிலிருந்த வெண்ணெய் உருகாமையும்தான். ஆக, உறைவது மங்கலம், உறையாமை அமங்கலம், திரிவது கேடு. தயிருக்கும் மோருக்கும் நெய்க்கும் பாட்டில் இடம் கொடுத்த தமிழ், பாற்கட்டிக்கு ஒரு பெயர்கூட வைக்காமல் விட்டதில் வியப்பில்லை.

இதனாலேயே நம் முன்னோருக்குக் கட்டியான பால் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் தலைவி, புதுக்குடித்தனத்தில் தன் கையால் புளிக்குழம்பு ஆக்குகிறாளே, அவள் தயிரை ஊற்றவில்லை, விரலால் பிசைகிறாள். பிசைகிற அளவுக்குக் கெட்டியான தயிர் அது. நம் வகுப்புகளில் அவள் கையைத் துடைத்துக்கொண்ட ஆடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தயிரின் பதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பாற்கட்டி நம்மிடம் வளராததற்குப் புராணக் காரணம் வேண்டாம், வெயில் போதும். ஐரோப்பிய முறையில் கட்டியைப் பதப்படுத்தி முதிரவைக்கப் பத்துப் பன்னிரண்டு பாகை குளிரும் ஈரமும் உள்ள நிலவறை வேண்டும், மாதக்கணக்கில் வேண்டும். சித்திரையில் 40 பாகையைத் தொடும் புதுக்கோட்டைச் சீமையில் நிலவறைக்கு எங்கே போவது? சித்தன்னவாசல் குகையைச் சமணர்கள் முன்பே பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் குளிர்காலத்துக்குப் பாலைச் சேமிக்கக் கண்ட வழி பாற்கட்டி. நாம் கோடைக்குச் சேமிக்கக் கண்ட வழி நெய். கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் வழியும் இளைத்ததன்று. கெட்டியான பாற்கட்டி ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் செலவாகும். ஒரு கிலோ பசுநெய்க்கு 25 லிட்டர் வரை ஆகும். ஆனால் நெய் எடுத்தபின் புரதம் அனைத்தும் மோரிலேயே தங்கிவிடும். நெய் சந்தைக்குப் போகும், மோர் வீட்டுக்கு இருக்கும். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் இன்னும் கெட்டிக்காரி. மோரை விற்றுத் தானியம் கொண்டுவந்து சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யை மட்டும் பொன்னுக்கு விற்பதில்லை, அதற்கு ஈடாக எருமையும் பசுவும் கன்றுமாக வாங்கிச் சேர்க்கிறாள்.

இன்னொரு காரணம் கன்று. பாலைக் கட்டியாக்க மேல்நாட்டார் நெடுங்காலம் பயன்படுத்தியது, பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள். தேர்க்காலில் அகப்பட்டு இறந்த ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் அது எடுபட்டிருக்குமா? எங்கள் திருக்கோகர்ணத்தின் பெயருக்கே பசுவின் காது என்றுதான் பொருள். காமதேனு தன் செவியில் கங்கைநீர் கொண்டுவந்து ஈசனை வழிபட்டதாகத் தலபுராணம். ஆனால் இந்தக் காரணம் இன்று செல்லாது. பண்டைக் கிரேக்கர்கள் அத்திப்பால் கொண்டும் பாலை உறையவைத்தார்கள்; போர்ச்சுக்கல்லில் முட்செடி ஒன்றின் பூவிலிருந்து எடுத்த சாற்றால் இன்றும் உறையவைக்கிறார்கள். 1960-களில் பூஞ்சையிலிருந்து எடுத்த உறைபொருள் வந்துவிட்டது. நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பாற்கட்டிகளில் பச்சைப்புள்ளி இருப்பது அதனால்தான்.

(பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை பக்கத்திலேயே புதுச்சேரியில் இருந்தார்கள். நமக்கு ரொட்டியைக் கற்றுக்கொடுத்தார்களே தவிர, அதன்மேல் வைப்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மோலி ஃபிங்கை மணந்து, பின் பிரான்ஸில் குடியேறி, 1928-இல் பாரிஸில் காலமானார். அங்கே அவர் என்னென்ன உண்டாரோ! ஊருக்கு ஒரு துண்டும் வந்து சேரவில்லை.)

நம் மரபில் பாற்கட்டிக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. அது சீம்பால். மாடு ஈன்ற முதல் சில நாட்களின் பாலில் புரதம் மிகுதி. சூடு பட்டதும் உறைபொருள் எதுவும் இல்லாமல் தானே கட்டியாகும். வெல்லமும் ஏலமும் தட்டிப் போட்டு இட்லிப் பானையில் ஆவி காட்டினால், கத்தியால் வில்லை போடலாம். சின்ன வயதில் வாயில் வைத்த சீம்பாலின் அந்த நெகிழ்ச்சியும், பல்லில் படும்போது எழும் மெல்லிய கிறீச்சொலியும் நமக்கு மறக்கவில்லை. அதை விற்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. பங்காளி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிண்ணத்தில் போகும். பால் கட்டியாவதை நம்மவர் கொண்டாடிய ஓரிடம் இதுவே. பல ஆண்டுகள் கழித்து சைப்ரஸ் தீவின் ஹலூமி என்ற பாற்கட்டியை வறுத்துத் தின்றபோது அதே கிறீச்சொலி பல்லில் கேட்டது. உப்புக்குப் பதில் வெல்லம், அவ்வளவே வேறுபாடு.

இனி நம் விருப்பு வெறுப்புகளைச் சொல்லிவிடலாம். சுவை பற்றிய பேச்சில் நடுநிலை என்பது பொய்.

முதலில் பனீர். திருமண மண்டபத்தின் வாசலில் வெள்ளிச் செம்பிலிருந்து தெளிப்பது பன்னீர். பந்தியில் சிவப்புக் குழம்புக்குள் மிதப்பது பனீர். முன்னதில் மணம் மட்டும் உண்டு, பின்னதில் அதுவும் இல்லை. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்த கட்டி, எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது. சதுரம் சதுரமாக வெட்டியபடியே கிடக்கும். குழம்பின் சுவையைக் கடன் வாங்கி நிற்கும் பொருள். இருபது ஆண்டுகளுக்கு முன் நம் பந்திகளில் அவியலும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இருந்த இடத்தை இந்தக் கடன்காரன் பிடித்துக்கொண்டது நமக்கு ஆற்றாமை. ஆனால் அன்றே பிழிந்த பனீரை, வெதுவெதுப்பு ஆறும் முன் மிளகும் உப்பும் தூவித் தின்பது வேறு. அது பந்திக்கு வருவதே இல்லை.

அடுத்தது தாள் தாளாக வரும் பதனப் பாற்கட்டி. 1911-இல் சுவிட்சர்லாந்தில் கெர்பரும் ஸ்டெட்லரும் முதிர்ந்த பாற்கட்டியை உப்பு வகைகளோடு மீண்டும் உருக்கி, கெடாத ஒன்றாக வார்த்தெடுத்தார்கள். 1916-இல் அமெரிக்காவில் கிராஃப்ட் இதே வழியில் காப்புரிமை பெற்றார். வெப்பநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யக் கண்ட வழி என்பதால் நமக்காகவே பிறந்தது என்றும் சொல்லலாம். அமுல் தகரடப்பியைத் திறந்து, மஞ்சள் உருளையை மெல்லிய துண்டுகளாகச் சீவித் தின்றதுதான் நம் தலைமுறையின் முதல் அறிமுகம். அந்த உப்புச்சுவையை இன்றும் வெறுக்க முடியவில்லை. எருமைப்பாலில் பாற்கட்டி வராது என்றிருந்த காலத்தில் ஆனந்தின் கூட்டுறவுக்காரர்கள் அதைச் செய்து காட்டியதற்கான மரியாதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. தாளாகச் சீவிய வடிவம்தான் பிடிக்கவில்லை. நெகிழித்தாளை உரித்தபின் உள்ளே இருப்பது எது, உரித்தது எது என்று நாக்குக்கு ஐயம் வருகிறது.

மொசரெல்லா நமக்குப் பிடிக்கும், பீட்சாவில் அன்று, தனியே. திரிந்த கட்டியைச் சுடுநீரிலிட்டு, பரோட்டா மாஸ்டர் மாவை இழுப்பதுபோல் இழுத்து இழுத்து உருட்டுவது அது. இத்தாலியில் அதற்கு உயர்ந்த பால் எருமைப்பால். எருமையைக் கண்டால் முகம் சுளிக்கும் நம்மவர் இதை அறியவேண்டும். முதிர்ந்த கௌடா நம் தலைவிருப்பம். முன்னாள் மாணவர் ஒருவர் நெதர்லாந்திலிருந்து கொண்டுவந்த கட்டியில் பல்லில் நறநறக்கும் சிறு படிகங்கள் இருந்தன; கருப்பட்டியின் அடிச்சுவை. ஜம்முவின் கலாரியைத் தோசைக்கல்லில் போட்டால் தன் கொழுப்பிலேயே தான் பொரியும். மேலே முறுகலும் உள்ளே இழுவையுமாக, ஒரு முறை தின்றவர் மறக்கமாட்டார். வங்கத்தின் பண்டேல், போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றதாகச் சொல்லப்படும் புகையூட்டிய உப்புவில்லை. நமக்கு உப்பு மிகுதி. சிக்கிம் பக்கத்துச் சுர்ப்பியை ஒரு மணி நேரம் வாயில் அடக்கியும் அது கரையவில்லை, நாம்தான் கரைந்தோம்.

நீலப்பூசணம் ஓடிய ரோக்ஃபோர் நமக்கு இறங்கவில்லை. செம்மறியாட்டுப் பாலில் செய்து, தென் பிரான்ஸின் குகைகளில் பூசணம் பிடிக்கவிட்டு முதிரவைப்பது. ஒரு துண்டு போதும், அந்த நாள் முழுவதும் மூக்கை விட்டுப் போகாது. ஆனால் அதைத் தின்பவரைப் பார்த்துக் குமட்டும் உரிமை நமக்கில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் கடற்கரை மணலில் கருவாடு காயும் வாடையில் பசி கிளம்பும் மாவட்டம் இது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவரைப் பார்த்து நாம் என்ன நினைப்போம்? நாற்றம் என்ற சொல் சங்கத்தமிழில் நறுமணத்தைக் குறித்தது. அதுவும் பின்னாளில் திரிந்த சொல்தான். ஒருவர் உணவின் வாடையைச் சொல்லி வீடு வாடகைக்குத் தர மறுப்பவர்கள் வாழும் நாட்டில், பிடிக்கவில்லை என்பதும் இழிவு என்பதும் ஒன்றல்ல என்று உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளபடியே கவலைப்பட வேண்டியது வேறு. புதுக்கோட்டையின் கடைத்தெருக்களில் மாலையானால் சீஸ் தோசை, சீஸ் பரோட்டா, சீஸ் பொரி. பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள், தின்னட்டும். ஆனால் மலிவு விலைக்கு வருவதில் ஒரு பகுதி பாற்கட்டியே அன்று. பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயைச் சேர்த்து வார்த்த போலிக்கட்டி. அதைப் பால்பொருள் என்ற பெயரில் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. பொட்டலத்தில் சின்ன எழுத்தில் உண்மை இருக்கும். தோசைக்கல்லுக்கு வரும்போது பொட்டலம் கூட வருவதில்லை. பலகையில் ‘சீஸ்’ என்று மட்டும் இருக்கும். நெய்யில் கலப்படம் என்றால் முகர்ந்தே கண்டுபிடிக்கும் பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். பாற்கட்டியில் அப்படி ஒரு மூக்கு நமக்கு இன்னும் முளைக்கவில்லை. நல்லதைத் தின்று பழகாத நாக்குக்குப் போலி தெரியாது. நம் விருப்பு வெறுப்புகளை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கும் அதுவே காரணம்.

பாலைத் தருகிறவர் பக்கமும் பார்க்கலாம். அன்னவாசல், இலுப்பூர், குளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகாத ஆண்டுகளில் வீட்டைக் காப்பாற்றுவது இரண்டு கறவை மாடு. கோடையில் சொசைட்டிக்குக் கொண்டுபோன பால் புளித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பால் எல்லாப் பாலையும் கெடுத்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வேளை வருமானம் போயிற்று. புளித்த பாலில் நல்ல பாற்கட்டி வராது என்பதும் உண்மை. இழந்ததை இதனால் மீட்கலாம் என்று யாருக்கும் ஆசை காட்ட நாம் வரவில்லை. ஆனால் நல்ல பாலை நல்ல விலைக்கு மாற்றும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆரோவில்லில் ‘லா ஃபெர்ம்’ பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கோடைக்கானலின் குளிரில் செய்கிறார்கள். சென்னையின் வெயிலிலேயே 2016-இல் தொடங்கிய ‘கேஸே’ மாற்றுத்திறனாளிப் பெண்களைக் கொண்டு செய்கிறது. முதிரவைக்கும் வகைகளுக்குக் குளிரறைச் செலவு உண்டு. அன்றைக்கே செய்து மறுநாளே விற்கும் இளங்கட்டிகளுக்கு அவ்வளவு வேண்டாம். திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊத்துக்குளியின் வெண்ணெய்க்குப் பெயர் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஊரும் ஊருக்குப் பொருளும் இப்படித்தான் அமைகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போடும் செம்மறிகளைப் பார்க்கும்போதெல்லாம், குட்டிக்குப் போக மிஞ்சும் அந்தச் சிறிதளவு பாலை ஒருவர் ஒருமுறை உறையவைத்துப் பார்க்கக் கூடாதா என்று தோன்றும். கீதாரிகள் சிரிப்பார்கள்.

வீட்டில் இப்போது பால் திரிந்தால் நாம் முகம் வாடுவதில்லை. அம்மாக்கள் அந்தக் காலத்தில் சர்க்கரை போட்டுக் கிளறி, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாம் இன்னும் கொஞ்சம் எலுமிச்சை விட்டு, முழுவதும் பிரியவிட்டு, வெள்ளைத் துணியில் முடிந்து குழாயில் தொங்கவிடுகிறோம். வடிந்த நீர் சப்பாத்தி மாவுக்கு. கட்டியில் கல்லுப்பும் இடித்த மிளகும், தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும். அன்று மாலைக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் அது கெடுதல் விகாரம்.